மீன் தலைக் கரியும் பெரிய துரையும்

கேள்வி: பதினோரு ஆண்டு தொடக்கப்பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுத்தபின் இப்போது பகுதிநேரமாக முதுநிலைப் பட்டம் படிக்கிறேன். முதல் வகுப்பிலேயே, ‘கல்வி ஆய்வு தனித் துரையா, மற்றவர்களிடம் கடன் வாங்கிப் பிழைப்பதா?’ என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லிவிட்டார்கள். நீங்கள் என்ன சொல்வீர்கள்?
– ஒரு வாசகி, தெம்பனிஸ்

பதில்: கேள்வியில் ‘துரை’ என்றே இருந்தது. நான் திருத்தவில்லை. தமிழாசிரியர் எழுதியது என்பதால் கைப்பேசியின் சதி என்று வைத்துக்கொள்கிறேன். ஆனால் ர-ற விஷயத்தில் எனக்கு நிதானம் கிடையாது. சில ஆண்டுகளுக்கு முன் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடைப் பலகையில் ‘மீன் தலைக் கரி’ என்று பார்த்தேன். உள்ளே போய், “அண்ணே, தலையை எரித்தா விற்கிறீர்கள்?” என்றேன். கல்லாவில் இருந்தவர் அசரவில்லை. “சாப்பிட்டுப் பார்த்துட்டுச் சொல்லுங்க சார், எந்த ‘ரி’ன்னு.” சாப்பிட்டேன். பிரமாதம். பலகை இன்றும் அப்படியேதான் இருக்கிறது. இதை இங்கே எழுதியதற்கு ஒரு கவிஞர் மேடையேறி என்னை ‘எழுத்துப் போலீஸ்’ என்றார். அவருடைய தொகுப்பில் பதினான்கு இடத்தில் ‘அரம்’ வளர்க்கச் சொல்லியிருந்தார். அரம் இரும்பை ராவுவதற்கு, ஐயா.

சரி. உங்கள் பிழை மட்டும் நல்ல பிழை, டீச்சர்.

என் தாத்தா ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். இருட்டோடு பெரட்டுக்குப் (பேர் கூப்பிடும் இடத்துக்கு) போய், மரம் மரமாக வெட்டி, மங்கில் (கிண்ணத்தில்) வடிந்ததை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குச் சுமந்து வருவார். பெரிய துரை வெயில் ஏறியபின் மோட்டார் சைக்கிளில் வருவார். எடைக் கணக்கைப் பார்ப்பார். குறைந்திருந்தால் கணக்கெழுதும் கிராணியை முறைப்பார். கிராணி, வேலையை மேற்பார்க்கும் மண்டோரை முறைப்பார், மண்டோர் தாத்தாவை. தாத்தாவுக்கு முறைக்க ஆள் இல்லாததால் மரத்தை முறைப்பார். மரத்துக்குத்தான் விஷயமே தெரியும்: கத்தி ஆழமாகப் போனால் பட்டை சரியாக மூடாது, மேலாகப் போனால் பால் வராது. அந்தக் கணக்கு ஸ்டோர்ப் புத்தகத்தில் ஏறியதே இல்லை.

பள்ளிக்கூடமும் வெகுகாலம் இப்படி ஒரு தோட்டம்தான். உளவியல் துரை வந்து மதிப்பெண்ணை நிறுப்பார். பொருளியல் துரை செலவை நிறுப்பார். சமூகவியல் துரை ‘அப்பா என்ன வேலை?’ என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். பால் வெட்டுவது நீங்கள்.

நம் சிங்கப்பூரிலேயே பாருங்கள். 1979இல் அப்போதைய துணைப் பிரதமர் டாக்டர் கோ கெங் சுவீயின் குழு கல்வி அமைச்சைப் பற்றி அறிக்கை கொடுத்தது. குழுவில் பெரும்பாலோர் சிஸ்டம்ஸ் இன்ஜினியர்கள். அவர்கள் கையாண்ட சொல் ‘கல்வி விரயம்’, அசல் ஸ்டோர்க் கணக்குச் சொல். கணக்கு தப்பில்லை. பாதியில் பள்ளியை விடுபவர்கள் குறைந்தார்கள், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் பிள்ளைகளைத் தரம் பிரித்து வைத்த அந்த ஏற்பாட்டின் விரைவுநிலை (எக்ஸ்பிரஸ்), வழக்கநிலை (நார்மல்) என்ற பெயர்களை உயர்நிலை ஒன்றிலிருந்து எடுக்க 2024 வரை ஆகிவிட்டது. ‘நார்மல்’ என்ற ஒரு சொல் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முகத்தை என்ன செய்கிறது என்று எந்தத் தராசு காட்டும்?

எல்லாத் துரையும் அப்படியில்லை. 1888இல் நம் பூமலைக்கு, அதாவது தாவரவியல் பூங்காவுக்கு, பொறுப்பாக வந்த ஹென்றி ரிட்லி, கத்தியைத் தானே எடுத்தார். மரத்தைக் கண்டபடி கொத்தாமல், போட்ட காயத்தையே திரும்பத் திரும்ப மெல்லச் சீவினால் பால் கூடும், மரமும் பிழைக்கும் என்று கண்டார். ரப்பர் நடச் சொல்லி அலைந்ததால் ஊர் அவரை ‘பைத்தியக்கார ரிட்லி’ என்றது. அவர் இங்கே சீவிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1896இல், தத்துவப் பேராசிரியர் ஜான் டூயி சிகாகோவில் 16 பிள்ளைகளை வைத்து ஒரு பள்ளி திறந்தார். தன் கல்விக் கொள்கை வகுப்பில் நிற்குமா என்று பார்க்கத்தான்.

கடன் விஷயம்: துறை என்றால் ஆற்றில் இறங்கும் இடம். குளிக்கவும் துவைக்கவும் மாட்டைக் கழுவவும் ஒரே ஆறு. கடன் வாங்கிய தண்ணீர் என்று யாரும் வழக்குப் போட்டதில்லை. புள்ளியியலையும் உளவியலையும் தாராளமாக வாங்குங்கள். எதற்கு இறங்கினீர்கள் என்பது மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். வீட்டில் ஆங்கிலம் பேசும் தொடக்கநிலை இரண்டுப் பிள்ளையிடம் ‘நீ என்ன சாப்பிட்டாய்?’ என்றால் விழிக்கிறது. ‘என்ன சாப்ட்டே?’ என்றால் ‘பிரட்டா’ என்கிறது. மொழியியலாளர் இதற்கு இரட்டை வழக்கு என்று பெயர் வைத்துவிட்டுப் போய்விடுவார். 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழுவும் பேச்சுத் தமிழுக்கு வகுப்பில் இடம் கொடுக்கச் சொன்னது. (‘தமிழ் செத்துவிட்டது’ என்று அப்போதிருந்து எனக்கு ஆண்டுதோறும் கடிதம் போடும் பெரியவர் நலமாக இருக்கிறார், தமிழும்தான்.) ஆனால் அந்தப் ‘பிரட்டா’விலிருந்து ‘நான் பரோட்டா சாப்பிட்டேன்’ வரை பிள்ளையை எப்படி நடத்திக்கொண்டு போவது, மீதியுள்ள இருபத்தைந்து நிமிடத்தில்? இதைக் கேட்க வேறு எந்தத் துறைக்கும் அவசியம் இல்லை.

அதை இரண்டு பக்கத்துக்கு நீட்டுங்கள். பேராசிரியர் மதிப்பெண்ணைக் குறைத்தால் என் பெயரை இழுக்காதீர்கள். அப்புறம், அனுப்பும் முன் அந்த ‘ற’வை ஒருமுறை பார்த்துவிடுங்கள், டீச்சர்.