டூர் டி பிரான்ஸ் வரலாறு: கேள்வி பதில்

கேள்வி: டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தைத் தொடங்கியது ஒரு பத்திரிகை என்கிறார்களே, உண்மையா? விளையாட்டுச் சங்கம் எதற்கும் அதில் பங்கில்லையா?

பதில்: உண்மைதான். அப்போது பிரான்சில் 'லெ வெலோ' என்ற விளையாட்டு நாளிதழ் பச்சைத் தாளில் வந்துகொண்டிருந்தது. ராணுவ அதிகாரி ஒருவர் மீது தொடுத்து நாட்டையே இரண்டாக்கிய டிரைஃபஸ் தேசத்துரோக வழக்கில் அதன் ஆசிரியர் எடுத்த நிலைப்பாடு, அதில் விளம்பரம் கொடுத்துவந்த கார், சைக்கிள் முதலாளிகள் சிலருக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் விலகிப்போய் 1900-ல் போட்டியாக ஒரு நாளிதழைத் தொடங்கினார்கள். பிறகு 'லோட்டோ' என்ற பெயரில் நிலைத்த அந்தப் பத்திரிகை மஞ்சள் தாளில் அச்சானது. ஆன்ரி டெக்ராஞ்ச் அதன் ஆசிரியர். விற்பனை ஏறவில்லை. நாடு முழுக்கச் சுற்றிவரும் ஒரு பந்தயம் நடத்தலாம் என்று யோசனை சொன்னவர் அங்கே வேலை பார்த்த ஜியோ லெஃபெவ்ர் என்ற இளம் நிருபர்.

1903 ஜூலை 1 அன்று பாரிஸை ஒட்டிய மோன்ஜெரோனில் 60 பேர் கிளம்பினார்கள். மொத்தம் 2,428 கி.மீ., ஆனால் வெறும் 6 கட்டங்கள். பாரிஸிலிருந்து லியோன் வரையிலான முதல் கட்டம் மட்டுமே 467 கி.மீ. இரவு முழுக்க மிதித்து 17 மணி 45 நிமிடத்தில் அதை முடித்தார் மோரிஸ் காரென். சிறு வயதில் புகைபோக்கி துடைத்துப் பிழைத்தவர் அவர். கடைசியில் பாரிஸ் வந்து சேர்ந்தவர்கள் 21 பேர்; காரெனுக்கும் இரண்டாமவருக்கும் இடைவெளி ஏறத்தாழ 3 மணி நேரம். பத்திரிகை விற்பனை சுமார் 25,000 பிரதியிலிருந்து 65,000-க்குப் போனது. மறு ஆண்டு 'லெ வெலோ' மூடப்பட்டது.

டெக்ராஞ்சின் மனதில் இருந்தது ஒரு தனி மனிதன். யார் துணையும் இல்லாமல், தன் கால் பலத்தில் மட்டும் நாட்டைச் சுற்றிவருபவன். அடுத்த முப்பது ஆண்டுகள் அவர் போட்ட விதிகள் எல்லாம் இந்த ஆசையிலிருந்து பிறந்தவை. இதைப் பிடித்துக்கொண்டால் பின்னால் வரும் விஷயங்கள் தெளிவாகப் புரியும்.

கேள்வி: 1904-ல் முதல் நான்கு இடம் பிடித்தவர்களையும் நீக்கிவிட்டார்கள் என்று படித்தேன். என்னதான் செய்தார்கள்?

பதில்: இரவில் ஓட்டினால் கண்காணிக்க ஆள் ஏது? சிலர் ரயில் ஏறினார்கள், சிலர் காரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ரசிகர்களும் சும்மா இருக்கவில்லை. சாலையில் ஆணி கொட்டினார்கள். செந்த் எத்தியேனுக்கு அருகே ஒரு மலையில் கூட்டமாக நின்று, உள்ளூர் வீரர் போனதும் மற்றவர்களை அடித்தார்கள். பந்தயம் முடிந்து நான்கு மாதம் கழித்துத்தான் பிரெஞ்சு சைக்கிள் சங்கம் தீர்ப்புச் சொன்னது. காரென் உட்பட முதல் நான்கு பேரும் நீக்கப்பட்டு, ஐந்தாவதாக வந்த ஆன்ரி கோர்னே வெற்றியாளர் ஆனார். அவருக்கு அப்போது வயது 19. அவரைவிட இளையவர் யாரும் இன்றுவரை வென்றதில்லை.

அதன் விளைவுதான் 1905-ன் மாற்றங்கள். கட்டங்களைச் சுருக்கி எண்ணிக்கையைக் கூட்டினார்கள். நேரக் கணக்கை விட்டுவிட்டு, வந்த இடத்துக்குப் புள்ளி கொடுத்தார்கள். 1913-ல்தான் மறுபடி நேரக் கணக்கு வந்தது.

கேள்வி: அண்ணா, ஒரு வீரர் மலையில் வண்டி உடைந்து, கொல்லன் பட்டறைக்குப் போய்த் தானே ஒட்டிக்கொண்டார் என்பது நிஜமா, கட்டுக்கதையா?

பதில்: நிஜம்தான் தம்பி. 1913, பயோன் – லூஷோன் கட்டம், 326 கி.மீ., ஸ்பெயின் எல்லையிலுள்ள பிரெனே மலைகளில். யூஜின் கிறிஸ்தோஃப் வெற்றி வாய்ப்போடு ஓட்டிக்கொண்டிருந்தார். தூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் உடைந்தது. வேறு வண்டி வாங்கக் கூடாது, பிறர் உதவியும் கூடாது. உடைந்தால் ஓட்டுபவரே சரிசெய்ய வேண்டும் என்பது விதி. வண்டியைத் தூக்கிக்கொண்டு சுமார் 14 கி.மீ. நடந்து செந்த் மாரி டி கம்பான் என்ற ஊரில் ஒரு கொல்லன் பட்டறைக்கு வந்தார்.

அங்கேதான் சிக்கல். உலையின் சூடு இறங்கவே கூடாது. ஒரு கை குழாயைப் பிடிக்க வேண்டும், மறு கை சுத்தியல் பிடிக்க வேண்டும். துருத்தியை யார் இயக்குவது? பட்டறையில் இருந்த ஒரு சிறுவன் ஊதினான். பந்தய அதிகாரிகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொல்லன் வாயால் வழி சொல்லலாம், கை வைக்கக் கூடாது. மணிக்கணக்கில் வேலை செய்து கிறிஸ்தோஃப் ஃபோர்க்கைப் பொருத்திக் கிளம்பினார். சிறுவன் துருத்தி ஊதியதற்காக அவருக்கு 10 நிமிடத் தண்டனை. பிறகு அதை 3 நிமிடமாகக் குறைத்தார்கள். அந்தக் கட்டத்தில் அவர் இழந்தது ஏறத்தாழ 4 மணி நேரம். வென்றவர் பெல்ஜியத்தின் ஃபிலிப் தீஸ்.

இது பலருக்கும் தெரிந்த கதை. ஆனால் என் மனதை அதிகம் உலுக்குவது 1919. கிறிஸ்தோஃப் முன்னிலையில் இருந்தார், முடிய இரண்டே கட்டம் பாக்கி. போர் சிதைத்த வடக்குச் சாலைகளில், வலான்சியென் அருகே, மறுபடியும் ஃபோர்க் உடைந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. மூன்றாம் இடம்தான். இத்தனை திறமை இருந்தும் அந்த மனிதர் டூர் டி பிரான்ஸை ஒரு முறைகூட வெல்லவில்லை.

கேள்வி: அந்தக் காலத்தில் கியரே கிடையாதாமே? அவ்வளவு பெரிய மலைகளை எப்படி ஏறினார்கள்?

பதில்: இரண்டு பல்சக்கரம் இருக்கும், ஆனால் ஓடிக்கொண்டே மாற்ற முடியாது. பின்சக்கர ஹப்பின் இருபுறமும் ஒவ்வொரு பல்சக்கரம். மலை அடிவாரத்தில் இறங்கி, நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு, செயினை இழுத்து மாட்டி, மறுபடி முடுக்க வேண்டும். உச்சிக்குப் போனதும் திரும்ப அதே வேலை.

கணக்காகப் பாருங்கள். முன்னால் 44 பல், பின்னால் 18 பல், சக்கரச் சுற்றளவு 2.1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெடலை ஒரு முழுச் சுற்று மிதித்தால் வண்டி சுமார் 5.1 மீட்டர் போகும். பின்னால் 22 பல் என்றால் 4.2 மீட்டர். அவ்வளவுதான் வித்தியாசம். செங்குத்தான மண் சாலையில் இது போதவே போதாது. அதனால்தான் இறங்கித் தள்ளினார்கள். 1910-ல் முதன்முறை உயரமான பிரெனே கணவாய்களைச் சேர்த்தபோது ஓக்டாவ் லாப்பிஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டே அதிகாரிகளைப் பார்த்து "கொலைகாரர்கள்" என்று கத்தினார். அந்த ஆண்டு வென்றதும் அவர்தான். முதல் உலகப் போரில் 1917-ல் போர் விமானியாக இறந்தார். முன்பு வென்றிருந்த பெட்டி பிரெத்தோன், ஃபாபெர் இருவரையும்கூட அதே போர் கொண்டுபோனது.

நட்டு முடுக்குவதிலும் தொல்லை உண்டு. குளிரில் விரல் விறைத்தால் இறகு நட்டு அசையாது. துலியோ கம்பன்யோலோ என்ற இத்தாலிய வீரர் 1927-ல் மலையில் இப்படி மாட்டிக்கொண்டார் என்பார்கள். சக்கரத்தை ஒரே நெம்பில் விடுவிக்கும் குவிக் ரிலீஸ் அவர் பட்டறையில் பிறந்தது.

செயினைத் தள்ளிப் பல் மாற்றும் டெரெய்லர் அதற்கு முன்பே கடையில் கிடைத்தது. சுற்றுலா ஓட்டிகள் பயன்படுத்தினார்கள். டெக்ராஞ்ச் விடவில்லை, கியர் 45 வயதைத் தாண்டியவர்களுக்கு, வீரனுக்குக் கால் போதும் என்பது அவர் கட்சி. அவர் 1936-ல் உடல்நலம் கெட்டு விலகினார், பொறுப்பு ஜாக் கோதேயிடம் போனது, 1937-ல் டெரெய்லருக்கு அனுமதி கிடைத்தது. அந்த ஆண்டே அதை மாட்டிக்கொண்டு வென்றார் ரோஜே லாப்பெபி. முப்பது ஆண்டுகள் ஒரு தனி மனிதரின் பிடிவாதத்துக்காக இத்தனை பேர் முழங்கால் தேய்ந்ததை என்னால் வீரம் என்று கொண்டாட முடியவில்லை.

கேள்வி: மஞ்சள் ஜெர்சி ஏன் மஞ்சள்?

பதில்: பத்திரிகைத் தாளின் நிறம் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் காரணம். முன்னிலையில் இருப்பவரைக் கூட்டத்தில் அடையாளம் காண, 1919-ல் பந்தயம் பாதி தாண்டியபின் கொடுத்தார்கள். முதலில் அணிந்தவர் மேலே சொன்ன அதே கிறிஸ்தோஃப். இத்தாலியின் ஜிரோ சைக்கிள் பந்தயத்திலும் இதே கதை: அதைத் தொடங்கிய 'கசெத்தா தெல்லோ ஸ்போர்ட்' நாளிதழ் இளஞ்சிவப்புத் தாளில் வருவதால் 1931 முதல் அங்கே இளஞ்சிவப்பு ஜெர்சி. டூரில் புள்ளிகளுக்கான பச்சை 1953-லும், மலை வீரருக்கான சிவப்புப் புள்ளி போட்ட ஜெர்சி 1975-லும் வந்தன.

கேள்வி: வெல்வது ஒருவர்தானே? பிறகு அணி எதற்கு? கூட ஓட்டுபவர்கள் ஏன் தலைவனுக்காக உழைக்க வேண்டும்?

பதில்: எல்லாம் காற்றால் வந்தது. சமதளத்தில் வேகமாகப் போகும்போது உழைப்பில் பெரும்பகுதி காற்றைப் பிளக்கவே செலவாகிறது. ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டி ஓட்டினால் சுமார் மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். 5 மணி நேரம் பின்னால் மறைந்து வந்தவர் கடைசி மலையில் புதுக் காலோடு ஏறுவார். எந்த விதியாலும் இதைத் தடுக்க முடியாது. 1911-ல் இன்னொருவருக்காக ஓட்டிய மோரிஸ் புரோக்கோவை 'வேலைக்காரன்' (பிரெஞ்சில் 'டொமெஸ்டிக்') என்று டெக்ராஞ்ச் ஏசினார். அந்த வசைச் சொல்லே இன்று துணை வீரர்களுக்கு மரியாதையான தொழிற்பெயர். 1930-ல் அவரே நாட்டு அணிகளைக் கொண்டுவந்தார்.

உதாரணம் வேண்டுமானால் 1934-ன் ரெனே வியெத்தோ. வயது 20, அற்புதமான மலை வீரர். பியூமோரன் கணவாய் இறக்கத்தில் பிரெஞ்சு அணித் தலைவர் அன்தோனென் மாஞ் விழுந்து முன்சக்கரம் உடைந்தது. மஞ்சள் ஜெர்சி மாஞ்சிடம் இருந்தது. வியெத்தோ தன் முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சாலையோரக் கல்சுவரில் உட்கார்ந்து, மாற்றுச் சக்கரம் வரும் வரை அழுதார். சக்கரம் இல்லாத வண்டி சுவரில் சாய்ந்து நிற்கும் அந்தப் புகைப்படம் பிரான்ஸ் முழுக்கப் பிரபலம். மறுநாளும் முன்னால் போய்க்கொண்டிருந்தவர், மாஞ்சுக்கு மீண்டும் கோளாறு என்று தெரிந்ததும் திரும்பி மேலே ஏறி வந்து உதவினார். மாஞ் வென்றார், வியெத்தோ ஐந்தாம் இடம்.

கேள்வி: மிகக் குறைந்த வித்தியாசத்தில் முடிந்த ஆண்டு எது?

பதில்: 1989. அமெரிக்கர் கிரெக் லெமாண்ட், பிரான்சின் லோரான் ஃபின்யோனை 8 விநாடியில் வென்றார், அதுவும் சுமார் 3,285 கி.மீ.க்குப் பிறகு. கடைசி நாள் வெர்சாய்யிலிருந்து பாரிஸுக்கு 24.5 கி.மீ. தனியோட்டம், அதாவது ஒவ்வொருவராகக் கிளம்பி நேரத்தோடு போட்டி. ஃபின்யோன் 50 விநாடி முன்னிலை. அதைப் பிடிக்க லெமாண்டுக்குக் கிலோமீட்டருக்கு 2 விநாடிக்கு மேல் தேவை. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டிக்காரர்கள் பயன்படுத்திய நீட்டுக் கைப்பிடியைப் பொருத்தி, முழங்கைகளை நெருக்கி, முதுகைத் தட்டையாக்கி, காற்றுக்கேற்ற தலைக்கவசத்தோடு போனார். ஃபின்யோன் சாதாரண வளைந்த கைப்பிடி, தலைக்கவசம் இல்லை, பின்னால் பறக்கும் குடுமி. போதாக்குறைக்கு இருக்கைப் புண். லெமாண்ட் 26 நிமிடம் 57 விநாடி, ஃபின்யோன் 27 நிமிடம் 55 விநாடி. கைப்பிடி மட்டும்தான் காரணம் என்பவர்களோடு நான் உடன்படவில்லை. புண்ணோடு உட்கார்ந்தவரால் ஒரே நிலையில் அரை மணி நேரம் அழுத்த முடியாது.

கேள்வி: ஊக்கமருந்து விவகாரத்துக்குப் பிறகும் இந்தப் பந்தயத்தை நம்பலாமா?

பதில்: 1967-ல் வெப்பத்தில் மோன் வான்டூ மலையில் பிரிட்டன் வீரர் டாம் சிம்ப்சன் இறந்தார், உடலில் ஆம்ஃபெட்டமைன் என்ற ஊக்கமருந்து இருந்தது. 1990களில் சிவப்பணுவைக் கூட்டும் இ.பி.ஓ. வந்தது, 1998-ல் ஃபெஸ்டினா அணி வாகனத்தில் அது சிக்கியது. அமெரிக்க வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் 7 பட்டங்களும் 2012-ல் பறிக்கப்பட்டு இன்றும் காலியாகவே உள்ளன. 2008 முதல் ஒவ்வொரு வீரரின் ரத்த அளவுகளையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். மருந்தையே தேடாமல் மாற்றத்தைத் தேடும் இந்த முறையை நான் மதிக்கிறேன். முழு உத்தரவாதம் யாராலும் தர முடியாது.

கேள்வி: சார், இப்போது பஞ்சர் ஆனால் என்ன செய்கிறார்கள்? பழைய படங்களில் தோளில் டயர் மாட்டியிருக்கிறார்களே?

பதில்: அது உள்ளே ட்யூப்பை வைத்துத் தைத்த டயர், ரிம்மில் பசை போட்டு ஒட்டுவது. பஞ்சரானால் பிய்த்தெறிந்து, தோளில் எட்டு வடிவில் மாட்டிய உதிரியை இழுத்துப் போட்டுக் காற்றடிப்பார்கள். பழைய பசையில் பிடிப்பு குறைவு, அதனால் வளைவுகளில் நிதானம் வேண்டும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூட்டால் பசை இளகி டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்தும் உண்டு.

இன்று கையைத் தூக்கினால் அணி கார் வரும். கார் தூரத்தில் இருந்தால் ஒத்த உயரமுள்ள துணை வீரர் தன் வண்டியையே கொடுப்பார். இரண்டும் இல்லையென்றால் எல்லா அணிக்கும் பொதுவான உதவி வண்டி. அதில்தான் தகராறு: பெடல் பூட்டு ஷூவுக்குப் பொருந்தாது, இருக்கை உயரம் சேராது. 2016-ல் மோன் வான்டூவில் கூட்ட நெரிசலில் மோட்டார் சைக்கிள் மோதி வண்டி உடைந்த கிறிஸ் ஃப்ரூம், மஞ்சள் ஜெர்சியோடு மலையில் ஓடியே போனார். கிடைத்த பொது வண்டி சிறியது, பெடலும் சேரவில்லை. அணி கார் வந்து சரியான வண்டி தரும் வரை தடுமாறினார். அடுத்த ஆண்டு பொது வண்டிகளில் ஓடிக்கொண்டே உயரம் மாற்றக்கூடிய இருக்கைத் தண்டு பொருத்தினார்கள்.