அரிசி டிரம்முக்குள் இருக்கும் பணம்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 42. ஈரோடு பக்கம் ஒரு சிற்றூர். வீட்டிலேயே மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறேன். கணவருக்கு லாரி புக்கிங் ஆபீசில் வேலை. மகள் பி.காம். முதலாம் ஆண்டு, மகன் ஒன்பதாம் வகுப்பு.

மகள் அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் விழும். தொடாமல் சேர்த்தால் படிப்பு முடியும்போது ஒரு ஜோடித் தோடு வாங்கிவிடலாம் என்று நினைத்திருந்தேன். கேட்கும்போதெல்லாம் "இன்னும் வரல அம்மா" என்றாள். போன மாதம் பாஸ்புக்கில் வரவு போட்டுப் பார்த்தால், எட்டு மாதமும் பணம் வந்திருக்கிறது. மீதி 340 ரூபாய்!

உட்கார வைத்துக் கேட்டேன். கூடப் படிக்கும் பெண்ணுக்குத் தேர்வுக் கட்டணம் கட்ட 3,000 கொடுத்தாளாம், திரும்பி வரவில்லை. ஆன்லைனில் குர்தி வாங்கியது 2,200. அதில் இரண்டு அளவே சேரவில்லை. மிச்சம் 2,460 எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. ஆத்திரத்தில் கை நீட்டிவிட்டேன். ஏடிஎம் கார்டையும் பிடுங்கி வைத்துக்கொண்டேன். 12 நாளாக என்னிடம் பேசவில்லை.

அவள் கெட்ட பெண் இல்லை. ஆரி வேலை நன்றாகப் போடுவாள். என் நாத்தனார் மகள் கல்யாணத்துக்குப் பத்து நாள் கண் விழித்து பிளவுஸ் போட்டுக் கொடுத்தாள். சொந்தத்தில் காசு கேட்கக்கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன். அவள் தம்பி சின்ன வயதிலிருந்தே கடைக்குப் போகிறவன், ஐந்து ரூபாய் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவான். இவளுக்கு மட்டும் ஏன் இப்படி?

கல்யாணமாகி 20 வருடமாக நான் பட்டதை இவள் படக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் கணவரிடம் கை நீட்டி, கணக்குச் சொல்லி, பேச்சு வாங்கித்தான் வாழ்ந்தேன். தையல் காசில் கொஞ்சம் அவருக்குத் தெரியாமல் அரிசி டிரம்முக்குள் போட்டு வைக்கிறேன். எல்லாம் பிள்ளைகளுக்காகத்தான். பணம் போனதைவிட அவள் பொய் சொன்னதுதான் தாங்கவில்லை. பணத்தின் அருமையை இவளுக்கு எப்படிப் புரிய வைப்பது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் மகள் செலவு செய்ததை நினைத்து எனக்குப் பெரிய கவலை இல்லை. அவள் மறைத்ததைப் பற்றித்தான் பேச வேண்டும். கொஞ்சம் வலிக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரிசி டிரம் விஷயம் உங்கள் கணவருக்குத் தெரியாது. மகளுக்கும் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? பெண் பிள்ளைகளின் கண்ணுக்கு அடுக்களையில் எதுவும் தப்பாது. பெண்ணின் கையில் காசு இருப்பது தெரிந்தால் கேள்வி வரும், பிடுங்கிக்கொள்வார்கள், அதனால் ஒளித்துத்தான் வைக்க வேண்டும் என்பதை அவள் பார்த்தே வளர்ந்திருக்கிறாள். "இன்னும் வரல" என்று அவள் சொன்னதும் அந்தப் பயத்தில்தான். உங்கள்மேல் குற்றம் சொல்லவில்லை. அஞ்சறைப் பெட்டியிலும் முந்தானை முடிச்சிலும் அம்மாக்கள் ஒளித்த காசு எத்தனையோ வீடுகளில் பள்ளிக் கட்டணமாகவும் ஆஸ்பத்திரிச் செலவாகவும் ஆகியிருக்கிறது. அதே காசுதான் 2016 நவம்பர் 8-ம் தேதி இரவு பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றபோது வெளியே வந்து, கணக்குக் கேட்டவர்கள் முன்னால் அந்த அம்மாக்களைத் தலைகுனிய வைத்தது. உங்களுக்கும் அந்த நாள் நினைவிருக்கும்.

2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் பணம் மாணவியின் சொந்தக் கணக்குக்கே நேராகப் போகிறது. ஒளித்து வைக்கத் தேவையில்லாத பணம் உங்கள் குடும்பத்துப் பெண்ணுக்குக் கிடைப்பது அநேகமாக இதுதான் முதல் முறை. அதனால் முதல் வேலையாகக் கார்டைத் திருப்பிக் கொடுங்கள். கூடவே, அடித்ததற்கு வருத்தம் சொல்லுங்கள். பின் நம்பர் உங்களுக்கும் தெரிய வேண்டாம். அதையும் ஓடிபியையும் யாரிடமும் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று அன்பாகக் கேட்கிறவரிடமும்தான். அவள் வயதுப் பெண்கள் பலர் அந்த ஒரு கேள்வியில்தான் ஏமாறுகிறார்கள்.

அந்த 3,000 ரூபாய்க்காக அவளை ஏமாளி என்று திட்டாதீர்கள். தோழியின் தேர்வு நின்றுவிடக் கூடாது என்று கொடுத்திருக்கிறாள், நல்ல மனசு. ஆனால் கையில் இருப்பதில் எவ்வளவு கொடுக்கலாம், எப்போது திரும்பி வரும் என்று கேட்கத் தெரியவில்லை. அதை இப்போது பழகட்டும். நீங்கள் நடுவில் போகாமல், அவளே அந்தப் பெண்ணிடம் மாதம் 500-ஆகவாவது கேட்டு வாங்கட்டும். வராமலே போனாலும் சரி. பின்னாளில் யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டு, நகையை அடகு வைத்து இதைக் கற்றுக்கொள்வதற்கு இந்த 3,000 எவ்வளவோ குறைவு. அளவு சேராத குர்தியும் அப்படித்தான், அடுத்த முறை அளவுப் பட்டியலைப் பார்த்துத்தான் வாங்குவாள். எங்கே போனதென்று தெரியாத 2,460-க்கு ஒரு சின்ன நோட்டு போதும். ஒரு மாதம் செலவை எழுதி வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் அதை வாங்கிப் பார்க்க வேண்டாம், பார்த்தால் அதிலும் பொய் எழுதத்தான் தோன்றும்.

தம்பி மட்டும் எப்படிக் கெட்டி என்று கேட்டிருக்கிறீர்கள். பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள், அவன் கடைக்குப் போய்ப் பழகினான். மிச்சம் எண்ணி, ஏமாந்து, திட்டு வாங்கித் தேறினான். இவள் கைக்குப் பணம் வந்ததே கல்லூரியில்தான். பத்து வயது நிறைந்த பிள்ளை தன் பெயரில் தபால் அலுவலகத்தில் சேமிப்புக் கணக்கு தொடங்கித் தானே நடத்தலாம் என்பது பல வீடுகளில் தெரிவதில்லை.

எனக்கு மிகவும் முக்கியமாகப்பட்டது அந்த ஆரி பிளவுஸ். பத்து நாள் கண் விழித்த வேலைக்குக் காசு கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, பணத்தின் அருமையை எப்படிப் புரிய வைப்பது என்று கேட்கிறீர்கள். அருமை தெரிய வேண்டுமானால் தன் உழைப்புக்கு ஒரு விலை உண்டு என்று முதலில் தெரிய வேண்டும். நீங்கள் தையல்காரர், இதைச் சொல்லித்தர உங்களைவிட யார் இருக்கிறார்கள்? நூல், மணி, ஜர்தோசி எவ்வளவு ஆனது, எத்தனை மணி நேரம் போனது, வெளியில் இதே வேலைக்கு என்ன கேட்கிறார்கள் என்று சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். சொந்தக்காரர் என்றால் விலையைக் குறைத்துக்கொள்ளலாம், சாமான் காசையாவது முதலிலேயே வாங்கிவிட வேண்டும். "சும்மா போட்டுக் கொடு" என்று யாராவது கேட்கும்போது நீங்கள் அவள் பக்கம் நில்லுங்கள். அந்த இடத்தில் அவளுக்கு உங்கள் துணை கட்டாயம் தேவை.

அப்புறம் அந்தத் தோடு. அது உங்கள் ஆசை. சேர்த்த பணத்தில் என்ன வாங்க வேண்டும் என்று அவளைக் கேட்டீர்களா? நல்ல ஆரி ஸ்டாண்டாக இருக்கலாம், டேலி என்ற கணக்கு மென்பொருள் படிக்கும் கட்டணமாக இருக்கலாம். தான் ஆசைப்பட்ட ஒன்றுக்காகச் சேர்த்தால்தான் கை நிற்கும். மாதாமாதம் ஒரே தொகை கட்டும் தபால் அலுவலகத் தொடர் வைப்பை (ஆர்.டி.) மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம், ஆனால் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். முதன்முதலாகச் சேமிப்பவளுக்கு வங்கியில் ஒரு வருடத் தொடர் வைப்பே நல்லது. கையில் வாங்கிப் பார்த்துவிட்டால் அடுத்ததை அவளே போடுவாள்.

கடைசியாக டிரம்மில் இருக்கும் பணம். கணவரிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு, வீட்டு நிலைமை உங்களுக்குத்தான் தெரியும். மகளிடம் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தையிலேயே அவள் பேச ஆரம்பித்தாலும் ஆச்சரியமில்லை. பிறகு ஒரு நாள் அவளையே தபால் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் உங்கள் பெயரில் ஒரு கணக்கு தொடங்குங்கள். படிவத்தை அவள் நிரப்பட்டும். வாரிசு நியமனம் என்று ஒரு கட்டம் வரும். அதில் யார் பெயரைப் போடலாம் என்று அங்கேயே அவளிடம் கலந்து பேசுங்கள்.