மாமனாருக்கு மடிக்கணினி: அந்தப் பழையது வேண்டாம்

வணக்கம். எழுபது வயது மாமனார் செய்தி படிக்கவும் வங்கிக் கணக்கைப் பார்க்கவும் 25,000 ரூபாய்க்குள் மடிக்கணினி கேட்டிருக்கிறீர்கள். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் உங்களுக்குக் காட்டிய, ஆறாம் தலைமுறை இன்டெல் செயலி (ப்ராசஸர்) கொண்ட பழைய மடிக்கணினியைத் தயவுசெய்து வாங்காதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு அந்தச் செயலி அதிகாரபூர்வமாகத் தகுதி பெறாது என்பதால், வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு இல்லாத கருவியில் பெரியவர் பணம் கையாள நேரிடும். எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது, 8 ஜிபி ராம் (தற்காலிக நினைவகம்), 256 ஜிபி எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) போதும்.

என்னைக் கேட்டால், திரைதான் முதலில். அவரையும் கடைக்கு அழைத்துச் சென்று, 15.6 அங்குல முழு எச்டி திரையில் எழுத்தைப் பெரிதாக்கி, ஒரு தமிழ்ச் செய்தியைப் படிக்கச் சொல்லுங்கள். ‘ன’, ‘ண’ சுழிகள் அவர் குனியாமலே பிரிந்து தெரிய வேண்டும். இந்தத் தகுதியுள்ள வேறொரு பழையதை வாங்கினால் வாரண்டியை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.