என் வயது ஓவியர்கள் எல்லாம் கண்காட்சி வைத்துவிட்டார்கள். நான் தோற்றுவிட்டேனா?

இல்லை. அடுத்தவரோடு ஒப்பிடும் அளவுகோல்தான் தப்பு.

ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயை எடுத்துக்கொள்ளுங்கள். 1760இல் பிறந்தவர். உலகமே அறிந்த அந்த நீலப் பேரலை ஓவியத்தை (‘கனகாவா பேரலை’) வரைந்தபோது வயது 70ஐ எட்டியிருந்தது. ஆனால் அதற்குச் சுமார் 25 ஆண்டுகளுக்கு முன்பே கிட்டத்தட்ட அதே காட்சியை வரைந்திருக்கிறார்: படகுகள், மேலே எழும் அலை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய அலை பாறை மாதிரி கனத்து நிற்கிறது. புதியதில் நுரை விரல்விரலாகப் பிரிந்து படகுக்காரர்கள்மேல் பாய்கிறது. இந்த வித்தியாசத்தை அளக்க இன்னொரு ஓவியர் எதற்கு?

அப்புறமும் மனிதர் திருப்தியடையவில்லை. 70 வயதுக்கு முன் வரைந்த எதுவும் பொருட்படுத்தத் தக்கதல்ல என்று 1834 வாக்கில் அவரே எழுதினார். 110 வயதில் ஒவ்வொரு புள்ளியும் கோடும் உயிர்பெறும் என்று கணக்கு வேறு! (கொஞ்சம் பேராசைதான், 1849இல் காலமானார்.)

அடுத்தவருக்குக் கிடைத்த பணமும் நேரமும் அறிமுகங்களும் நமக்குத் தெரியாது. கண்காட்சி அழைப்பிதழ் மட்டும்தான் கண்ணில் படும். மூன்று வருடத்துக்கு முந்தைய உங்கள் ஓவிய நோட்டைத் தேடி எடுங்கள். அதில் வரைந்திருக்கும் ஒரு கையை இன்று மறுபடி வரைந்து பாருங்கள்.