ட்ரவுட் பிடிக்க எந்த றொட், எந்த றீல்? உங்கட கேள்விகளும் என்ர பதில்களும்

வணக்கம் உறவுகளே. கன வருசம் நோர்வேயில ஆறு, ஏரி எண்டு பிளை றொட்டோட (இறகும் நூலும் சுத்தின கொளுக்கியைப் பிளை எண்டுறது, அதை வீசிற தூண்டில் தடி) திரிஞ்சிட்டு இப்ப கிளிநொச்சியில இருக்கிறன். எங்கட வன்னிக் குளங்களில ட்ரவுட் இல்லை, அது குளிர்த்தண்ணி மீன், 20 பாகைக்கு மேல போனாலே அதுக்குக் கஷ்டம், எங்கட குளத்துத் தண்ணி 28, 30 எண்டு நிக்கும். ஆனா நுவரெலியா, ஹோட்டன் சமவெளிப் பக்கம் 19ம் நூற்றாண்டுக் கடைசியில வெள்ளைக்காரர் கொண்டுவந்து விட்ட ட்ரவுட்டின்ர பரம்பரை இண்டைக்கும் இருக்கு. வெளிநாட்டில சொந்தக்காரர் இருக்கிற ஆக்களும் கேட்டிருக்கினம். ஒவ்வொண்டா வாறன்.

கேள்வி (கிளிநொச்சி தம்பி): அண்ணா, மாமா கனடாவில இருந்து வரேக்க ஒரு றொட் கொண்டுவாறன் எண்டவர். எந்த நம்பர் சொல்ல?

பதில்: தம்பி, 9 அடி, 5 நம்பர், 4 துண்டு. இதை அப்பிடியே மாமாவுக்கு அனுப்புங்கோ. அந்த 5 எண்டுறது றொட்டின்ர பாரம் இல்லை, அது தாங்கிற லைனின்ர நம்பர். நாங்கள் தங்கூசியில ஈயம் கட்டி எறியேக்க ஈயம்தான் தங்கூசியை இழுத்துக்கொண்டு போகும், இங்க பிளைக்குப் பாரமே இல்லை, ரெண்டு மூண்டு இறகும் நூலும்தான், அப்ப லைன்தான் பாரமா இருந்து பிளையைக் கொண்டுபோகவேணும். லைனின்ர முதல் 30 அடியை நிறுத்துப் பாத்து நம்பர் போடுறவங்கள், 5 நம்பர் எண்டால் 140 கிரெயின், கிட்டத்தட்ட 9 கிராம், 4 எண்டால் 120, 6 எண்டால் 160. றொட் 5 எண்டால் லைனும் 5 வாங்கோணும், மாறினால் றொட் வளையாது, இல்லாட்டி அளவுக்கு மிஞ்சி வளையும், ரெண்டிலயும் வீச்சு சரிவராது. நம்பர் கைபிடிக்கு மேல றொட்டிலயே எழுதியிருக்கும், பாக்கச் சொல்லுங்கோ. 4 துண்டு எண்டால் ஒரு துண்டு 70 சென்ரிமீற்றர் அளவு, சூட்கேசுக்க போகும். ஃபாஸ்ட் அக்சன் (முனைப் பக்கம் மட்டும் வளையிற விறைச்ச றொட்) எண்டு கடைக்காரன் தள்ளுவான், பழகிற ஆளுக்கு நடு மட்டும் வளையிற மீடியம்தான் நல்லம், றொட் வளையிறது கையில தெரியும், அது தெரிஞ்சால்தான் வீச்சை எப்ப நிப்பாட்டோணும் எண்டு பிடிபடும்.

கேள்வி (வவுனியா அக்கா): மகன் லண்டனில படிக்கிறான், றொட்டை விடக் கூட விலையில ஒரு றீல் கேக்கிறான். தேவையோ?

பதில்: தேவையில்லை அக்கா, இதில நான் விட்டுக்குடுக்க மாட்டன். ட்ரவுட்டுக்கு றீல் எண்டுறது லைன் சுத்தி வைக்கிற பெட்டி. லைனை வெளிய எடுக்கிறதும் இடக்கையால, மீன் பட்டால் உள்ள இழுக்கிறதும் இடக்கையால, ஆத்தில வாற அரைக்கிலோ மீன் றீலைச் சுத்தவைக்கிறது அருமை. பெரிய டிஸ்க் டிராக் (மீன் இழுத்து ஓடேக்க லைனைப் பிடிக்கிற பிரேக்) எல்லாம் சல்மனுக்கும் கடல் மீனுக்கும்தான். கிளிக் றீல் எண்டு கேக்கச் சொல்லுங்கோ. ஸ்பூலை, லைன் சுத்திற உருளையை, கழட்டிப் பாத்தால் உள்ளுக்க ஒரு சின்னப் பல்லுச் சில்லு, அதில முட்டிக்கொண்டு ஒரு முக்கோணத் துண்டு, அதுக்குப் பின்னால ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். கன றீலில அந்த முக்கோணத்தைத் திருப்பிப் போட்டால் வலக்கைக்கு இருந்தது இடக்கைக்கு மாறிடும். பழுதாக ஒண்டும் இல்லை, மண் போனால் துடைச்சு ஒரு சொட்டு எண்ணெய் விட்டாக் காணும். இங்கிலாந்தில 1891ல வந்த ஹாடி பெர்பெக்ட் றீலை இண்டைக்கும் ஆக்கள் தேடி வாங்கிப் பாவிக்கினம் எண்டால் யோசிச்சுப் பாருங்கோ. மிஞ்சிற காசை லைனில போடச் சொல்லுங்கோ, மலிவு லைன் சுருண்டு சுருண்டு நிக்கும், நல்ல றொட்டையும் கெடுத்திடும். றொட்டும் லைனும் முதல், றீல் கடைசி.

இன்னொண்டு, லைனுக்குக் கீழ பக்கிங் எண்டு மெல்லிய பின்னல் கயிறு 50 யார் போடவேணும். ஸ்பூலை விளிம்பு மட்டும் நிரப்பக்கூடாது, ஒரு சுண்டுவிரல் நுனி அளவு இடம் விடோணும், இல்லாட்டி லைன் உரஞ்சும்.

கேள்வி (முல்லைத்தீவு): நந்திக்கடலில பாவிக்கிற சாதாரண றீலை பிளை றொட்டில பூட்டலாமோ?

பதில்: இல்லை. பிளை லைன் தடிப்பு, அந்த றீலில ஓடாது. றொட்டின்ர வளையங்களும் வேற மாதிரி.

கேள்வி (விசுவமடு): அண்ணை, எங்கட தாத்தா நானுஓயாப் பக்கம் தோட்டத்தில துரை பங்களாவில வேலை செய்தவர். துரை குடுத்த பழைய மூங்கில் றொட் ஒண்டு வீட்டில கிடக்கு. பாவிக்கலாமோ, விக்கலாமோ?

பதில்: ஐயோ, அவசரப்பட்டு வித்திடாதேங்கோ. அது சும்மா மூங்கில் இல்லை, தென்சீனாவில வளருற ஒரு மூங்கிலை ஆறு கீலமாக் கிழிச்சு, சீவி, ஒட்டிச் செய்யிறது. முனைப் பக்கம் பாத்தால் வட்டமா இருக்காது, ஆறு மூலை தெரியும். அப்பிடி இருந்தால் பெறுமதியான சாமான். பசை காஞ்சு கீலம் விட்டிருக்குதோ எண்டு நகத்தால தடவிப் பாருங்கோ. உலோக மூட்டு இறுகியிருந்தால் முறுக்கிக் கழட்டாதேங்கோ, நேரா இழுக்கோணும். முக்கியமா தகரக் கூரைக்குக் கீழ வைக்காதேங்கோ, எங்கட வெயிலுக்குப் பசை இளகிடும். துணிப் பையில போட்டு நேரா தொங்க விடுங்கோ. தாத்தா மலையால கொண்டுவந்து இவ்வளவு காலமும் பிரச்சினை, இடம்பெயர்வு எல்லாம் தாண்டி மிஞ்சியிருக்கு, அதுக்காகவே வையுங்கோ.

கேள்வி (பரந்தன்): ட்ரவுட்டுக்குப் போக முதல் எங்க பழகிறது? இரணைமடுக் கட்டில நிண்டு வீசலாமோ?

பதில்: வீசலாம், ஆனா சோளகம் எழும்ப முதல் வெள்ளண்ணப் போங்கோ, காத்து முகத்துக்கு அடிச்சால் புதுசாப் பழகிற ஆளுக்கு லைன் கழுத்திலதான் வந்து சுத்தும். கொளுக்கி கட்டாம ஒரு சின்ன உல்லன் துண்டு கட்டிப் பழகுங்கோ. கட்டில இருக்கிற கல்லில லைனை இழுக்காதேங்கோ, மேல் பூச்சுப் போயிடும், பள்ளிக்கூட விளையாட்டு மைதானப் புல்லு இன்னும் நல்லம். பின்னுக்கு வீசி, நிப்பாட்டி, லைன் முழுசா விரியும் வரைக்கும் பொறுக்கோணும். எல்லாரும் அந்த இடத்திலதான் அவதிப்படுறவை. தண்ணிக்கரைக்கு இறங்கினால் முதலையைக் கவனியுங்கோ.

கேள்வி (முத்தையன்கட்டு): அதே 5 நம்பரால விரால் பிடிக்கலாமோ?

பதில்: திலாப்பியாவுக்குக் காணும், நல்லா இழுக்கும், சந்தோசமா இருக்கும். விரால் தாமரைக்கொடிக்குள்ள ஓடிற மீன், பிடிச்சு நிப்பாட்ட 8 நம்பர் வேணும்.

கேள்வி (மாங்குளம்): ஐப்பசி கார்த்திகை மழைக்குள்ள போகலாமோ?

பதில்: இடி முழங்கினால் றொட்டை உடன கீழ வைச்சிட்டு விலகி வாங்கோ. இப்பத்தைய றொட் கனக்கக் காபனில செய்யிறது, காபன் மின்சாரம் கடத்தும், 9 அடிக் காபன் தடியை உயர்த்திக்கொண்டு வெளியில நிக்கக்கூடாது. கரண்ட் வயருக்குக் கீழயும் வீசக்கூடாது. இதை ஆரும் லேசா எடுக்காதேங்கோ.

கேள்வி (நுவரெலியாவில வேலை செய்யிற தங்கச்சி): ஹோட்டன் சமவெளியில சும்மா போய் வீசலாமோ? பழைய றொட் ஒண்டு ஆரோ விக்கினம், எப்பிடிப் பாக்கிறது?

பதில்: அது 1988ல இருந்து தேசியப் பூங்கா தங்கச்சி, அனுமதி கேக்காம ஒண்டும் செய்யாதேங்கோ. சின்ன ஓடைக்குப் போறதெண்டால் 7, 7 அரை அடியில 3 நம்பர் றொட் இன்னும் வசதி, பத்தைக்குள்ள மாட்டுப்படாது. பழைய றொட் வாங்கேக்க ஒரு பஞ்சுத் துண்டு கொண்டுபோங்கோ, ஒவ்வொரு வளையத்துக்குள்ளாலயும் இழுங்கோ, பஞ்சு பிஞ்சால் அங்க லைன் அறுத்த தடம் இருக்கு, வளையம் மாத்தோணும். பிறகு துண்டுகளைப் பூட்டி மெதுவா ஆட்டுங்கோ, மூட்டில டக் டக் எண்டு சத்தம் கேட்டால் வாங்காதேங்கோ.