புதிதாகச் சேர்ந்த ஆசிரியருக்கு யார் துணை?

கேள்வி: அரசு உதவி பெறும் தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் சென்ற ஆண்டு இயற்பியல் துறைத்தலைவராகப் பொறுப்பேற்றேன். துறையில் ஐந்து இளம் உதவிப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களில் இருவர் சுயநிதிப் பிரிவினர். ஒவ்வொருவருக்கும் ஒரு மூத்த ஆசிரியரை வழிகாட்டியாக நியமித்துக் கல்லூரி ஆணை பிறப்பித்திருக்கிறது. மாதந்தோறும் படிவம் நிரப்பி அனுப்புகிறோம். அதற்கு மேல் எதுவும் நடப்பதில்லை. மூத்தவர்கள், “எங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?” என்கிறார்கள். இளையவர்களோ வாய் திறப்பதில்லை. இந்த நிலையில் ஒரு துறைத்தலைவரால் என்ன செய்ய முடியும்?
- ஒரு வாசகி

பதில்: அன்புள்ள பேராசிரியருக்கு,

உங்களால் நிறையவே செய்ய முடியும். ஆணையைக் கல்லூரி பிறப்பிக்கலாம். ஓர் ஆசிரியர் தன் வகுப்பில் உள்ள சிக்கலைச் சக ஆசிரியரிடம் கூச்சமின்றிச் சொல்லும் சூழலைத் துறைதான் உருவாக்க முடியும்.

இளையவர்கள் ஏன் பேசுவதில்லை என்பதிலிருந்து தொடங்குவோம். தன் பதவி உயர்வுக் கோப்பில் கருத்து எழுதக்கூடியவரிடம், “மேக்ஸ்வெல் சமன்பாடுகளை நடத்தும்போது தடுமாறுகிறேன், மாணவர்களுக்குப் புரியவில்லை” என்று எந்த உதவிப் பேராசிரியரும் சொல்ல மாட்டார். ஆண்டுதோறும் பணி நீட்டிப்புக்குக் காத்திருக்கும் சுயநிதிப் பிரிவு ஆசிரியர் நிச்சயமாகச் சொல்ல மாட்டார். ஆகவே வழிகாட்டுவதையும் மதிப்பிடுவதையும் ஒரே ஆளிடம் வைக்காதீர்கள். துறைத்தலைவராகிய நீங்கள் யாருக்கும் நேரடி வழிகாட்டியாக இருக்க வேண்டாம். மாதப் படிவத்தில் சந்தித்த தேதியும் இருவரின் கையெழுத்தும் மட்டும் இருந்தால் போதும், பேசிய பொருளை எழுத வேண்டியதில்லை என்று முதல்வரிடமும் உள்தர உறுதிப் பிரிவிடமும் பேசி முடிவு செய்யுங்கள். பேசியது கோப்புக்குப் போகாது என்ற உறுதி கிடைத்த பிறகுதான் உண்மையான உரையாடல் தொடங்கும். யார் யாருக்கு வழிகாட்டி என்பதையும் பணிமூப்பு வரிசைப்படி தீர்மானிக்காமல், இளையவரிடம் தனியே விருப்பம் கேட்டு மாற்றி அமையுங்கள்.

அடுத்தது நேரம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர நேரடிக் கற்பித்தலை வரையறுக்கின்றன. அதற்கு மேல் விடைத்தாள் திருத்துதல், சேர்க்கைப் பணி, கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு வழங்கும் ‘நாக்’ அமைப்புக்கான கோப்புகள் எனச் சுமை கூடிக்கொண்டே போகிறது. இவற்றுக்கிடையே “நேரம் கிடைக்கும்போது சந்தியுங்கள்” என்றால் சந்திப்பு நடக்காது. அடுத்த பருவத்துக்கான கால அட்டவணை போடும்போதே, வழிகாட்டியும் இளையவருமான ஒவ்வொரு இணைக்கும் வாரத்தில் ஒரே பாடவேளை ஓய்வாக இருக்கும்படி செய்துவிடுங்கள். அட்டவணை உங்கள் கையில்தானே இருக்கிறது!

“எங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?” என்ற கேள்வியை வீம்பாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முனைவர் பட்டத்தோடு நேரே வகுப்புக்கு அனுப்பப்பட்டு, யாருடைய துணையும் இல்லாமல் தானே விழுந்து எழுந்து கற்ற தலைமுறையின் மனக்குறை அதில் இருக்கிறது. அவர்களிடம் அறிவுரை சொல்லச் சொல்லாதீர்கள். தங்கள் வகுப்பைக் காட்டச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால் நீங்கள் உங்கள் வகுப்பைத் திறந்து வையுங்கள். கடைசி இருக்கையில் ஓர் இளையவரை உட்கார வைத்து, வகுப்பு முடிந்ததும் “எந்த இடத்தில் மாணவர்கள் கவனம் கலைந்தது?” என்று நீங்களே கேளுங்கள். துறைத்தலைவரே கேட்ட பிறகு, மற்றவர்கள் கேட்பதில் தயக்கம் குறையும்.

வகுப்பைப் பார்வையிடுவதற்கு ஒரு முறை வேண்டும். எதைக் கவனிக்க வேண்டும் என்பதை வகுப்பு எடுப்பவரே முன்கூட்டிச் சொல்லட்டும். தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்து வந்த முதலாமாண்டு மாணவர்கள் ஆங்கில விளக்கத்தைத் தொடர்கிறார்களா, கேள்வி கேட்டபின் விடைக்காக ஆசிரியர் எவ்வளவு பொறுத்திருக்கிறார், முன்வரிசை நான்கு பேரோடு மட்டும் வகுப்பு நடந்துவிடுகிறதா என ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும். பார்த்ததை அன்றே பேசிவிட வேண்டும்.

இதைவிட அதிகப் பயன் தருவது, என் எண்ணத்தில், விடைத்தாள்களை முன்வைத்துப் பேசுவதுதான். முதல் உள்தேர்வு முடிந்ததும் பத்து விடைத்தாள்களைப் படியெடுத்து, வழிகாட்டியும் இளையவரும் தனித்தனியே திருத்தி, மதிப்பெண்களை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே விடைக்கு ஒருவர் ஏழும் மற்றவர் நான்கும் ஏன் இட்டார்கள் என்ற பேச்சு, நாம் மாணவரிடம் உண்மையில் எதை எதிர்பார்க்கிறோம் என்பதில் போய் நிற்கும். மனப்பாடம் செய்த வருவிப்பு வழுவில்லாமல் இருக்க, அதே கருத்தைச் சிறிய கணக்கில் பொருத்தத் தெரியாத மாணவர்கள் எத்தனை பேர் என்பதும் அப்போது கண்ணில் படும். வினாத்தாளில் ஒவ்வொரு வினாவுக்கும் எதிரே கே1 (நினைவுகூர்தல்), கே2 (புரிந்துகொள்ளுதல்) என்று அது சோதிக்கும் அறிவு நிலையைக் குறிப்பதை இன்று பலரும் கடமைக்காகச் செய்கிறார்கள். இப்படி இரண்டு பருவங்கள் பேசிய இணைக்கு அந்தக் குறியீடு பொருளுள்ளதாகிவிடும்.

பயிற்சி வகுப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் கல்விப் பணியாளர் கல்லூரிகளாகத் தொடங்கி, பின்னர் மனிதவள மேம்பாட்டு மையங்களாகி, 2023 முதல் மாளவியா ஆசிரியர் பயிற்சித் திட்டத்தின் பெயரில் இயங்கும் மையங்கள் நல்ல பணி செய்கின்றன. ஆனால் பதவி உயர்வுக்கு அந்தச் சான்றிதழ் தேவை என்பதால், கணினியில் இணைப்பை மட்டும் திறந்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கும் பழக்கமும் பரவியிருக்கிறது. பயிற்சிக்குச் சென்று திரும்பியவர் அங்கே கற்றதில் ஒன்றைத் தன் வகுப்பில் செய்து பார்த்து, துறைக் கூட்டத்தில் அரை மணி நேரம் பேச வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வில் ஆர்வம் உள்ளவர்களை இந்தியாவின் மூன்று அறிவியல் அகாதமிகள் இணைந்து வழங்கும் கோடைக்கால ஆய்வு நல்கைக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அது மாணவர்களுக்கு மட்டுமன்றி ஆசிரியர்களுக்கும் உரியது.

ஆய்வு வெளியீட்டில் இளையவர்களுக்கு இப்போது துணை கட்டாயம் வேண்டும். மானியக் குழு 2018இல் கொண்டுவந்த ‘கேர்’ என்ற, தரமான ஆய்விதழ்களின் பட்டியலை 2025இல் கைவிட்டுவிட்டதால், இதழைத் தெரிவு செய்யும் பொறுப்பு ஆசிரியரிடமும் நிறுவனத்திடமும் வந்து சேர்ந்திருக்கிறது. பணம் பெற்றுக்கொண்டு சில நாட்களில் கட்டுரையை ஏற்கும் இதழ்களின் மின்னஞ்சல்கள் அவர்களுக்கு நாள்தோறும் வரும். ஆய்வு வழிகாட்டி உங்கள் துறையிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. வேறு கல்லூரியில் அதே உட்பிரிவில் உழைக்கும் ஒருவரிடம் நீங்களே அறிமுகம் செய்துவைக்கலாம்.

சுயநிதிப் பிரிவைச் சேர்ந்த அந்த இருவரையும் மேற்சொன்ன எதிலும் விட்டுவிடாதீர்கள். அவர்களுடைய ஊதியமும் பணிப் பாதுகாப்பும் உங்கள் கையில் இல்லை. பயிற்சிக்குச் செல்லப் பணிவிடுப்புக்குப் பரிந்துரைப்பதும், பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் அவர்களை உட்கார வைப்பதும், முதுகலை வகுப்பில் ஒரு பாடத்தை அவர்களிடம் ஒப்படைப்பதும் பெருமளவு உங்கள் கையில் இருக்கின்றன. அடுத்த கால அட்டவணையிலேயே இதைத் தொடங்கிவிடுங்கள்.