விதியில் இல்லாத ஓட்டை

வாசகர் கடிதம்:

அன்புள்ள ஐயா,

சென்னிமலையில் கைத்தறி வைத்திருக்கிறோம். நெசவோடு, துணியில் டிசைன் போடும் ஜக்கார்டுக் கருவிக்கு அட்டை குத்தும் வேலையும் எனக்குத் தெரியும். பையன் கோயமுத்தூரில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். லீவுக்கு வந்தவன், மூலையில் கிடந்த பழைய 240 கொக்கி ஜக்கார்டைத் துடைத்து எண்ணெய் விட்டு, ராத்திரியெல்லாம் அட்டையில் ஓட்டை குத்திக்கொண்டிருந்தான். என்ன பூ என்று கேட்டேன். பூ இல்லையாம், ‘ரூல் 90’ என்று ஒரு கம்ப்யூட்டர் கணக்காம். மொத்தம் 64 அட்டை. அடிநெசவை மிதியில் வைத்து, டிசைனுக்குத் தனி ஊடை விட்டு ஓட்டினோம். முக்கோணத்துக்குள் முக்கோணமாக வந்தது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நடுவில் பெரிய இடம் ஓட்டையே இல்லாமல் இருப்பதால் நூல் கட்டில்லாமல் தொங்குகிறது. ஒரு அலசுக்குத் தாங்காது. “அங்கங்கே நாலு ஓட்டை போட்டு நூலைக் கட்டுடா” என்றால், “விதியில இல்லாத ஓட்டையப் போட முடியாதுங்கப்பா” என்கிறான். இரண்டு நாளாகச் சரியான பேச்சில்லை. வீட்டுக்கு வந்த மச்சான், “இந்தத் துண்ட யாருங்க மாமா வாங்குவாங்க? படிக்கற பையன் இப்படிப் பொழுதப் போக்குனா உருப்படுவானா?” என்று கேட்டுவிட்டுப் போனார். இப்படியெல்லாம் செய்கிறவர்கள் வேறு யாராவது உண்டா? இவனிடம் நான் என்ன சொல்வது? பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வீட்டுச் சண்டையைப் படித்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. துவைத்தால் நிற்காதது துணியே இல்லை என்கிறீர்கள் நீங்கள். விதியை மீறினால் அது கணக்கே இல்லை என்கிறான் அவன். இரண்டு பேர் சொல்வதும் நியாயம். வேலையில் கறார் என்பது அவனுக்கு வெளியிலிருந்து வந்ததல்ல, உங்களைப் பார்த்து வந்தது என்றே நினைக்கிறேன்.

மற்ற வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஜக்கார்டில் ஒவ்வொரு ஊடைக்கும், அதாவது குறுக்கே போகும் நூலுக்கும், ஒரு அட்டை. அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அதோடு சேர்ந்த கொக்கி நெட்டுவாக்கில் ஓடும் பாவு நூலைத் தூக்கும். ஓட்டை இல்லையென்றால் அட்டை ஊசியைத் தள்ளிவிடும், நூல் கீழேயே நிற்கும். ரூல் 90 என்பதும் இதே மாதிரி, கட்டம் போட்ட தாளில் வரிவரியாக நடக்கிற விளையாட்டு. ஒரு கட்டத்துக்கு நேர் மேல் வரியில் இடப்பக்கக் கட்டத்தையும் வலப்பக்கக் கட்டத்தையும் பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் கறுப்பு என்றால் இதுவும் கறுப்பு. இரண்டும் கறுப்பு அல்லது இரண்டும் வெள்ளை என்றால் இது வெள்ளை. விதி இவ்வளவுதான். ஒரு வரிக்கு ஒரு அட்டை, கறுப்புக் கட்டத்துக்கு ஓட்டை. இந்த வகையில் மொத்தம் 256 விதிகள் உண்டு. 1983-இல் ஸ்டீபன் உல்ஃப்ராம் என்ற விஞ்ஞானி அவற்றுக்கு எண் கொடுத்து ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். அதில் 90-ஆம் எண் இது.

முதல் வரியில் ஒரே ஒரு கறுப்புக் கட்டத்தோடு தொடங்கினால் முக்கோணங்கள் தாமாக விரியும். பள்ளிக்கூடத்தில் படித்த பாஸ்கல் முக்கோணத்தில் ஒற்றை எண்களுக்கு மட்டும் மை பூசினாலும் இதே படம்தான் வரும். அந்த எண் முக்கோணத்தை மேரு பிரஸ்தாரம் என்ற பெயரில் உரையாசிரியர் ஹலாயுதர் 10-ஆம் நூற்றாண்டிலேயே விளக்கியிருக்கிறார்.

பையன் 64 அட்டையோடு நிறுத்தியிருப்பதைக் கவனித்தீர்களா? 64-ஆவது அட்டையில் முக்கோணத்தின் அகலம் முழுக்க ஒன்றுவிட்டு ஒன்று ஓட்டை வரும். அங்கே முக்கோணம் நிறைவாக முடிகிறது. 65-ஆவதைக் குத்தியிருந்தால் இரண்டு முனையிலும் இரண்டே ஓட்டை, நடுவில் 127 இடம் வெற்று. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்து நிறுத்தியிருக்கிறான். நீங்கள் சொல்லும் தொங்கல் 33-ஆவது அட்டையில் தொடங்கியிருக்க வேண்டும். அங்கேயும் இரண்டே ஓட்டை, இடையில் 63 வெற்றிடம்.

சரி, வேறு யாராவது உண்டா என்று கேட்டீர்கள். நிறையப் பேர் இருக்கிறார்கள். 1993 டிசம்பரில் ‘டூம்’ என்ற கணினி விளையாட்டு வந்தது. 1997-இல் அதன் மூல நிரலை எல்லோருக்கும் திறந்து விட்டார்கள். அன்றிலிருந்து கால்குலேட்டர், பிரிண்டர் என்று கையில் கிடைத்ததிலெல்லாம் அதை ஓட்டிப் பார்ப்பது உலகமெங்கும் ஒரு பந்தயமாகவே நடக்கிறது.

எனக்கு அதைவிடப் பிடித்தது புறா விஷயம். இணையம் இயங்கும் விதிமுறைகளை எண் போட்டு ஆவணங்களாக வெளியிடுவார்கள். 1990 ஏப்ரல் 1 அன்று வெளிவந்த 1149-ஆம் ஆவணம், தகவல் பொதிகளைப் புறாக்கள் மூலம் அனுப்புவது எப்படி என்று சொல்லியது. பொதியைச் சின்னக் காகிதச் சுருளில் அச்சடித்துப் புறாவின் காலில் ஒட்ட வேண்டும். முட்டாள்கள் தினத்துக்காக எழுதியதுதான், ஆனால் நிஜ விதிமுறை எப்படி எழுதப்படுமோ அப்படியே எழுதியிருந்தார்கள். 2001-இல் நார்வேயின் பெர்கன் நகரத்தில் லினக்ஸ் என்ற கணினி மென்பொருளின் ஆர்வலர்கள் அதை அப்படியே செய்து காட்டினார்கள். 9 பொதிகள் அனுப்பினார்கள், நாலுக்குப் பதில் வந்தது. அதில் சீக்கிரம் வந்த பதிலுக்கே 53 நிமிடம் ஆனது. அவர்கள் நினைத்திருந்தால் புறாவைப் பறக்கவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். காகிதத்தில் வந்ததைத் திரும்பக் கணினிக்குள் ஏற்றி, பதில் சரியாக வந்ததா என்று பார்த்து, நேரத்தையும் கணக்கெடுத்தார்கள். நான் மதிப்பது அதைத்தான். தேவையில்லாத ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு இடத்தில்கூடக் குறுக்கு வழி பார்க்காமல் முடிக்கிறார்கள்.

அப்புறம், உங்கள் தொழிலிலேயே இதற்கு மூத்தவர்கள் உண்டு. 1839-இல் பிரான்சின் லியோன் நகரத்தில், இந்தக் கருவிக்குப் பெயர் கொடுத்த ஜக்கார்டு என்பவரின் உருவப்படத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்கு ஏறத்தாழ 24,000 அட்டை. பார்த்தவர்கள் அதை அச்சுப் படம் என்றே நினைத்தார்கள். கணினிக்கு முன்னோடியான இயந்திரங்களை வடிவமைத்த சார்லஸ் பாபேஜ் அதில் ஒன்றை வாங்கித் தன் வீட்டில் மாட்டி வைத்திருந்தார். 24,000 அட்டை குத்துவது என்றால் என்ன என்று எனக்குப் புத்தகத்தில் படித்துத்தான் தெரியும். உங்களுக்குக் கை வலியோடு தெரியும்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். உங்கள் இருவருக்கும் ஒத்துவரும் ஒரு வழி அந்த விதிக்குள்ளேயே இருக்கிறது. ரூல் 90-இல் ஒற்றை ஓட்டையோடு தொடங்கினால், எந்த வரியை எடுத்தாலும் ஒன்றுவிட்டு ஒரு இடம் எப்போதும் காலியாகவே இருக்கும். நடுக்கொக்கியிலிருந்து எண்ணுங்கள். ஒரு அட்டையில் இரட்டைப்படை இடங்களில் மட்டும் ஓட்டை வரும், அடுத்த அட்டையில் ஒற்றைப்படை இடங்களில் மட்டும் வரும். மிச்சப் பாதி இடங்களை அந்த விதி தொடவே தொடாது. நீங்கள் கேட்கும் கட்டு ஓட்டைகளை அந்தக் காலி இடங்களில் மட்டும் போடச் சொல்லுங்கள். எல்லா இடத்திலும் வேண்டாம், பெரிய வெற்றிடங்களில் மட்டும், 6 நூலுக்கு ஒன்று போதும். இந்த இடைவெளி இரட்டைப்படையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் விதியின் இடத்தில் போய் விழும். அடுத்த அட்டைக்கு ஒரு நூல் தள்ளிப் போட்டால் கட்டுகள் சாய்வாக வரிசை பிடிக்கும், பார்வைக்கும் உறுத்தாது. விதிக்கு உரிய இடங்களை மட்டும் எடுத்துப் படிக்கிறவனுக்கு முழுக் கணக்கும் ஒரு புள்ளி பிசகாமல் கிடைக்கும். நூலும் நிற்கும். பையனிடம் இதைக் காட்டுங்கள், ஒத்துக்கொள்வான். 6 போதுமா, 8 வரை தாங்குமா என்பதை நூலின் கனத்தைப் பார்த்து நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதை அவனால் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது.

மச்சானுக்கு என்ன சொல்வது? இந்த மாதிரி விளையாட்டில் இறங்குகிற பையன்களுக்கு நாளைக்கு நல்ல வேலை கிடைக்கும் என்று பதில் சொல்லலாம். பல பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பதில் பிடிக்காது. வேலை கிடைக்காவிட்டால் அந்தத் துண்டு வீண் என்று ஆகிவிடுமா? பையன் லீவில் அப்பாவின் தறியில் உட்கார்ந்து, அவனுக்கு அழகாகப் பட்ட ஒன்றை ஒழுங்காக நெய்திருக்கிறான். விற்பதற்கு நெய்யவில்லை என்று நேராகவே சொல்லுங்கள். அவருக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை என்றால், கோவைக்கு வரும்போது ஜி.டி. நாயுடு கண்காட்சிக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். சவரக் கத்தி, பழச்சாறு பிழியும் கருவி, ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று அந்த மனிதர் கை வைக்காத சாமானே இல்லை. கழற்றிப் பார்ப்பது நம்ம ஊருக்குப் புதிதில்லை.

ஒரு விஷயம் மட்டும் கேட்க வேண்டும். 240 கொக்கிதானே இருக்கிறது, முக்கோணமோ 127 அகலத்தில் முடிந்துவிட்டது. பையன் அடுத்து ரூல் 30-ஐ எடுப்பான் என்று நினைக்கிறேன். அதுவும் ஒரே கறுப்புக் கட்டத்தில்தான் தொடங்கும், ஆனால் இடமும் வலமும் ஒன்றாக இருக்காது, நடுவில் எந்த ஒழுங்கும் பிடிபடாது. பாதிக் கட்டம் காலி என்ற சௌகரியமும் அதில் கிடையாது. 120 வரி தாண்டினால் துணியின் கரையில் போய் முட்டும். முட்டிய பிறகு அதற்கப்பால் எல்லாம் வெள்ளை என்று வைத்துக்கொள்வதா, இல்லை இடக்கரையை வலக்கரையோடு ஒட்டினதாக வைத்துக் கணக்கைத் தொடர்வதா? எது என்பதைப் பொறுத்துத் துணியே மாறிவிடும். அவன் எதை எடுத்தான் என்று எழுதுங்கள். துண்டைப் படம் எடுத்து அனுப்பினால் பின்பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

அன்புடன்.